உன் லோரோங் லீமா, என் தெம்பாகா

லோரோங்,

இன்று காலை கூலாயில், வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில், சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். நர்ஸ் மிஸ்ஸி என் கையை நீட்டச் சொல்லி ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசிக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அந்த மலாய்ப் பெண், கொஞ்சம்தான் வலிக்கும் அக்கா என்று தேற்றினாள். ஐம்பத்தைந்து வயதுப் பொம்பளை ஊசிக்கு அழுவதாக அவள் நினைத்தது ஒருவகையில் நல்லதுதான். காரணத்தை விளக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

உனக்குத் தெரியும் அந்த வாடை. செனாய்ப் பக்கத்து எலெக்ட்ரானிக் கம்பெனியில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சர்க்யூட் போர்டு துடைத்தது இந்த ஸ்பிரிட்டால்தான். அதில் பஞ்சுக் குச்சியை நனைத்து, லைன் லீடர் பார்க்காதபோது டிஷ்யூவில் சுற்றி எடுத்துவந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்த கேசட் பிளேயரின் ஹெட்டைத் துடைப்போம். இருபத்தைந்து வருஷம் கழித்து டயாலிசிஸ் சென்டரில் உன் கையைத் துடைத்தபோதும் இதே வாடை. நம் சிநேகத்துக்கு ஏதாவது பூவின் வாடை இருந்திருக்கலாம் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. நமக்கு வாய்த்தது இது.

பஞ்சை எடுத்துவிட்டு அந்த மிஸ்ஸி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கி, "நீங்கள்தானே தெம்பாகா அக்கா?" என்று மலாயில் கேட்டாள். உன் டயாலிசிஸ் சென்டரில் இருந்த பெண்தான். இப்போது இங்கே வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதை எடுத்தவுடன் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் உன் மகளும் இதைப் படிக்க வேண்டும்.

பஸ் லாயாங் லாயாங்கில் கிளம்பும். நீ ரயில்வே கேட் பக்கத்தில் முதல் ஆளாக ஏறுவாய். நான் செடெனாக் சந்திப்பில் ஏறினேன், வேலையில் சேர்ந்த முதல் வாரம். பஸ்ஸுக்குள் லோரோங் லீமா கூட்டத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்காரக்கூட இல்லை. நேரே டிரைவரிடம் போய்ப் பையிலிருந்த தெம்பாகா கேசட்டை நீட்டினேன். பின்சீட்டிலிருந்து உன் குரல் வந்தது.

"ஹலோ, யாரு நீ? ஏறி ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள பாட்ட மாத்துற?"

"இது பாட்டா? புள்ளைய தூங்க வைக்கிற மாதிரி இருக்கு."

"ஒன் கேசட்டுல மட்டும் என்னாவாம்? அந்தாளு கால்ல கல்லு விழுந்த மாதிரி கத்துறான்."

பஸ்ஸே சிரித்தது. டிரைவரான மலாய்ப் பெரியவர் பாக்சிக் மட்டும் சிரிக்கவில்லை. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, இனிமேல் சத்தம் கேட்டால் செய்திதான் போடுவேன் என்று மலாயில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். காலையில் தெம்பாகா, மாலையில் லோரோங் லீமா. அடுத்த வாரமே எனக்காக உன் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்திருந்தாய். சண்டை போடுகிறவளைத் தூரத்தில் உட்காரவைத்தால் தொண்டை வலிக்கிறது என்று காரணம் சொன்னாய்.

இரண்டு தமிழ்ப் பெண்கள் மலாய் ராக் பாட்டுக்கு இப்படி அடித்துக்கொள்வது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. என் அண்ணன், "நம்ம பாட்டு பத்தலையா ஒனக்கு?" என்பான். கோயில் பாடற்குழுவில் நீ பாடிக்கொண்டிருந்தாய், அதனால் உன் அம்மா உன்னை ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஞாயிறு பூசையில் மாதா பாட்டு, திங்கள் மாலை பஸ்ஸில் லோரோங் லீமா. இரண்டுக்கும் நீ ஒரே பக்தியோடு வாய் திறந்தாய்.

உன் மகளுக்காக இந்த இரண்டு கூட்டத்தையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெம்பாகா என்றால் செம்பு. நான்கு பேர். தோல் ஜாக்கெட், முதுகுவரை முடி, இந்த வெயிலில் அந்த ஜாக்கெட்டை எப்படிப் போட்டார்களோ. பாடுகிறவர் குரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவார், இதற்கு மேல் போனால் உடைந்துவிடும் என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது இன்னும் ஒரு படி ஏறுவார். அப்புறம் கிட்டார் வரும். அந்த கிட்டாரைக் கேட்டால் எனக்கு எஸ்டேட் லயமும் தெரியாது, லைன் லீடரும் தெரியாது, வேறு எவளோ ஒருத்தியாகிவிடுவேன். மூன்றே ஆல்பம். புகழ் உச்சியிலிருந்தபோது கிட்டார்காரர் பிரிந்து போனார், கூட்டம் கலைந்தது.

லோரோங் லீமா என்றால் ஐந்தாவது சந்து. ஒரே சந்தில் வளர்ந்த ஐந்து பேர். சாதாரணச் சட்டை, ஒரு மௌத் ஆர்கன். பாடுகிறவர் பேசுகிற குரலிலேயே பாடுவார். பாட்டும் பெரிய விஷயம் எதையும் பற்றியது இல்லை. வெளியூர் வேலைக்குப் போனவன், சம்பள நாள், அம்மா வைத்த குழம்பு. எல்லாருக்கும் தெரிந்த அவர்களுடைய பாட்டு, மழையில் நின்றுபோன மோட்டார் சைக்கிளை இரண்டு சிநேகிதர்கள் வீடுவரை தள்ளிக்கொண்டு போவதைப் பற்றியது. இதைப் போய் பாட்டாக்குவார்களா என்று நான் கேட்பேன். மோட்டார் தள்ளாதவன் இந்த ஊரில் எவன் என்று நீ கேட்பாய். அவர்கள் கலையவே இல்லை. டிரம்மர் மாறினார், தலை வழுக்கையானது, தொப்பை வந்தது, ஆனாலும் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

நமக்குள் ஒரு விதி இருந்தது. எதிராளியின் கூட்டத்துப் பாட்டை வாய்விட்டுப் பாடினால் தோற்றவள். முணுமுணுத்தாலும் தோல்விதான். மாலையில் பஸ் முழுக்க மோட்டார் பாட்டைப் பாடும்போது நான் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் வழியே செம்பனை மரங்களை எண்ணுவேன். இரண்டாவது சரணம் வருமுன் காதில் டிஷ்யூவை அடைத்துக்கொள்வேன். நீ என் முகத்துக்கு நேரே வந்து பாடுவாய்.

சண்டை வளர்ந்தது, நாமும் வளர்ந்தோம். கல்யாணம், பிள்ளைகள். கம்பெனி சீனாவுக்குப் போனது. நான் ஒரு லாரி கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன், நீ ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில். பஸ் போனபின் போன் வந்தது. போனில் என் பெயரை நீ தெம்பாகா என்று போட்டிருந்தாய், நான் உன்னை லோரோங் என்று. உன் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

எது நிலைக்கும் என்பதுதான் நம் நிரந்தர வழக்கு. உச்சியில் நிறுத்தியவர்கள்தான் நிலைப்பார்கள், அவர்களுக்கு வயதே ஆகாது என்பது என் கட்சி. உன் கட்சியை நீ ஒருநாள் கேன்டீன் பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டே சொன்னாய்.

"ஒன் ஆளு பாட்ட எவனால பாட முடியும், சொல்லு? கேக்கலாம், அவ்ளோதான். எங்க ஆளு பாட்ட கல்யாணத்துலயும் பாடலாம், மோட்டார் தள்ளும்போதும் பாடலாம். நம்மகூட கெழவனாகிட்டே வர்றானுங்க பாரு. கூடவே வரணும் லா. அதான் பெருசு."

அதற்கு நான் ஏதோ கிண்டல் சொன்னேன். நல்ல கிண்டலாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நீ என்மேல் மீன் தண்ணீரைத் தெளித்தாய். கிண்டல் மறந்துவிட்டது. நீ சொன்னதுதான் இருக்கிறது.

இப்போது குளுவாங் சம்பவத்துக்கு வருகிறேன். அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் குளுவாங்கில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் திறப்பு விழாவுக்கு தெம்பாகாவின் பாடகர் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். கூட்டம் இல்லை, அவர் மட்டும். "வா போலாம்," என்றாய், எனக்கு முன்னால் நீயே. உன் வீட்டுக்காரரின் காரை எடுத்துக்கொண்டு வந்தாய். அப்போதே உனக்குக் கால் வீங்கும், செருப்புப் போட முடியாமல் உன் மகனின் ரப்பர் சிலிப்பரில் வந்திருந்தாய்.

எஸ்கலேட்டருக்குக் கீழே ஒரு சின்ன மேடை. நாற்காலி அறுபது இருக்கும், உட்கார்ந்திருந்தது முப்பது பேர், அதில் பாதிப் பேர் கால் வலிக்கு உட்கார்ந்தவர்கள். அவர் வந்தார். முடி இல்லை. இசை பெட்டியிலிருந்து வந்தது. உச்சி வரும் இடத்தில் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார், பதிவு செய்த அவருடைய பழைய குரல் அந்த இடத்தைப் பாடியது. பக்கத்தில் ஒரு பிள்ளை ஐஸ்கிரீமுக்கு அழுதது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

நீ எழுந்து நின்றாய். ரப்பர் சிலிப்பரோடு, வீங்கிய காலோடு நின்று, இரண்டு கையையும் தூக்கி தெம்பாகா பாட்டைப் பாடினாய். ஒரு வார்த்தை தவறாமல். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் காலை பஸ்ஸில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு அத்தனை வரியும் மனப்பாடம். உன்னைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். மேடையில் அந்த மனிதர் உன்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

விதிப்படி அன்று நீ தோற்றாய். எனக்காகத் தோற்றாய். அந்த மனிதருக்கு முன்னால் எனக்கு அவமானமாகிவிடக் கூடாது என்று தோற்றாய். நல்லவளாக இருந்திருந்தால் நான் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன். நான் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. "என்னாடி, ஜெயிச்சிட்டியே, பார்ட்டி இல்லையா?" என்று நீ கேட்டபோது தலைவலி என்றேன். உன் இரக்கம் என்னைச் சுட்டது. நீ ஏளனம் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சூடு எனக்குள் ஆறவே இல்லை, அது பின்னால் எங்கே போய் வெடித்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

உன் கிட்னி போனது அதற்கு மறுவருஷம். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். லீவு கிடைக்கும் நாட்களில் நான் வந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். ஊசி குத்துவதற்காக உன் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள், அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது விறுவிறுவென்று அதிரும். முதல்முறை என் உள்ளங்கையை எடுத்து அங்கே வைத்தாய். நான் பயந்து கையை இழுத்தேன்.

"பயப்படாதடி. எங்க டிரம்மர்தான். நாள் பூரா நிப்பாட்டாம வாசிக்கிறான்."

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று உனக்குச் சொல்லியிருந்தார்கள். மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பாய். அதையும் சிரித்துக்கொண்டேதான் செய்தாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் லோரோங் லீமா ஜோகூர் பாருவுக்கு வந்தது. கடைசிக் கச்சேரி என்று போட்டிருந்தார்கள். நீ என்னைக் கூப்பிட்டபோது உன் குரல் பஸ்ஸில் ஏறிய பெண்ணின் குரல்.

"சனிக்கெழமடி! டயாலிசிஸ் இல்லாத நாளு. ஆண்டவரே பாத்து போட்ட தேதி. ரெண்டு நாளா தண்ணிய மிச்சம் புடிச்சி, அன்னிக்கி அங்க ஒரே ஒரு ஐஸ் லிமாவ் குடிக்கப் போறேன். மிஸ்ஸிகிட்ட சொல்லிறாத. எனக்கு இந்த ஆன்லைன்லாம் வராது, நீதான் டிக்கெட் போடணும்."

"அவனுங்க வருஷா வருஷம் கடைசி கச்சேரிதான் போடுறானுங்க. அடுத்த வருஷம் போலாம் லா. கூட்டத்துல ஒனக்கு மயக்கம் வந்துட்டா?"

"மயங்கி விழுந்தா நீ புடிக்க மாட்டியா? பாத்து சொல்லுடி."

அன்று மதியம் ஆபீஸில் டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன். இருக்கைப் படம் வந்தது. விற்றுப்போனவை சாம்பல் நிறம், விற்காதவை பச்சை. இடது பக்கம் முழுக்கப் பச்சை. வழி ஓரத்திலேயே இரண்டு இடம் இருந்தது, உன் காலுக்கு வசதியாக. பக்கத்தை மூடினேன். உனக்குச் செய்தி அனுப்பினேன். "ஹாபிஸ்டி. டிக்கெட் முடிஞ்சிருச்சு."

உன் உடம்புக்காகத்தான் பொய் சொன்னேன் என்று இரண்டு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை, பாதிகூட இல்லை. ஐயாயிரம் பேர் எழுந்து நின்று உன் கூட்டத்தின் பாட்டைப் பாடும்போது நடுவில் நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். குளுவாங்கில் முப்பது பேர், இங்கே ஐயாயிரம். நீ ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய். என் கையைப் பிடித்திருப்பாய். அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடிந்திருக்காது. ஒரு கேசட் சண்டையில் தோற்க மனமில்லாமல், நோயாளிச் சிநேகிதியின் ஒரே ஆசையில் நான் மண்ணைப் போட்டேன். எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான் இருக்கிறது, இதைவிட நல்ல காரணம் எதுவும் இல்லை.

நீ பதிலுக்குக் குரல் செய்தி அனுப்பினாய். "அலமாக்!" என்று ஆரம்பித்து ஒரே சிரிப்பு. "பாத்தியாடி, எங்க ஆளுக்கு டிக்கெட் மிஞ்சல. ஹாபிஸ்! ஒன் ஆளுக்கு சும்மா குடுத்தாலும் நாக்காலி காலி. இப்பவாச்சும் ஒத்துக்க." ஏமாற்றத்தைக்கூட நீ வெற்றியாக மாற்றிக்கொண்டாய். அதைக் கேட்டு எனக்கு ஒரு நிம்மதி வந்தது, பொய்யால் உனக்கு நல்லதுதான் நடந்தது என்று. அந்தக் குரல் செய்தியை நான் இன்னும் வைத்திருக்கிறேன், போட்டுக் கேட்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நீ போன் செய்தாய். நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் மகள் பரீட்சை, கெம்போங் மீன் விலை, பக்கத்து வீட்டு நாய், ஒரு மணி நேரம் பேசினாய். கச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"டிக்கெட் மட்டும் கெடச்சிருந்தா இந்நேரம் நாம அங்க இருப்போம்ல," என்றேன்.

நீ சொன்னாய், "ஆமாடி."

ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உன் இதயம் நின்றுவிட்டது.

உன் வீட்டில் பெட்டியை மூடுமுன் பாதர் ஜெபம் முடித்தார். உன் மகள் போனில் மோட்டார் பாட்டைப் போட்டாள். அம்மாவுக்குப் பிடித்தது என்று எல்லாரும் பாடினார்கள், உன் வீட்டுக்காரர், பாடற்குழு, கேன்டீன் அக்காமார், பாதர்கூட முணுமுணுத்தார். நான் பாடவில்லை. தொண்டை அடைத்தது என்று பிறகு சொல்லிக்கொண்டேன். அடைத்ததுதான், ஆனால் அதற்கு முன்பே பழக்க தோஷத்தில் உதடு இறுகிவிட்டது. பெட்டிக்குள் நீ, வெளியே நான், அப்போதும் தோற்க மாட்டேன் என்கிறது என் வாய்.

இனி இன்று காலைக்கு வருகிறேன்.

ரத்தம் எடுத்து முடித்து, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே அந்த மிஸ்ஸி உன்னைப் பற்றிப் பேசினாள். அவளுடைய அப்பாவும் லோரோங் லீமா பைத்தியமாம். அந்தக் கச்சேரிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, உனக்கு ஊசி குத்தும்போது அவள் சொன்னாளாம், நேற்றுதான் எனக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் வாங்கினேன், இன்னும் நிறைய இருக்கிறது, நீங்களும் வாங்களேன் என்று.

அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், பழைய கதை சொல்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவரிடம், நானே வாங்கித் தருகிறேன், எங்கள் காரிலேயே வரலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். என் சிநேகிதிக்கு அன்றைக்கு ஏதோ வேலை இருக்கும் போலிருக்கிறது, அவள் வராமல் நான் மட்டும் போய் யாரோடு சண்டை போடுவது என்றார்."

பிளாஸ்டர் ஒட்டிய கையோடு காரில் போய் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும். சனிக்கிழமை ஏழு மணிக்கு, தெரிந்துதான் போன் செய்தாய். நான் உண்மையைச் சொல்ல ஒரு மணி நேரம் இடம் கொடுத்தாய், மீன் விலையும் நாயும் அதற்குத்தான். நான் அதில் இன்னொரு பொய்யை வைத்தேன். நீ ஆமாடி என்றாய். அதற்குப் பிறகும் ஐந்து மாதம், ஒவ்வொரு முறையும் என் கையை எடுத்து உன் டிரம்மர்மேல் வைத்தாய்.

நீ திட்டியிருக்கலாம், லோரோங். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் கூட்டம் மறுபடியும் வருகிறது. அடுத்த மாதம், அதே ஜோகூர் பாரு, அதே கடைசிக் கச்சேரி. அடுத்த வருஷமும் வருவார்கள் என்று அன்று நான் சொன்னது பலித்துவிட்டது. இரண்டு வருஷம் தள்ளியாவது வந்துவிட்டார்கள். வாதத்தில் நான் சொன்னது சரி, உன்னைப் பற்றித்தான் கணக்குத் தப்பிவிட்டது.

போன வாரம் உன் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். "ஆன்டி, அம்மாவுக்காக நாம ரெண்டு பேரும் போலாமா? அப்ப டிக்கெட் கெடைக்காம அம்மா பாவம்ல." ஒரு வாரமாக நான் பதில் போடவில்லை. அவள் மூன்று கேள்விக்குறி அனுப்பினாள், அதற்கும் இல்லை. அவளிடம் எதையும் சொல்லாமல் கூடப்போய் உட்கார்ந்துவிடலாம். அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள், நான் தட்டிக்கொடுப்பேன். அது எவ்வளவு சுலபம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிளினிக் வாசலில், காரிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை நிற இருக்கைகள், செய்தி, இஸ்திரி, எல்லாம்.

"அம்மாவுக்கு தெரியுமா ஆன்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியும்மா. இன்னிக்குதான் எனக்கு தெரிஞ்சுச்சு."

"நான் அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டாள். உன் குரல்தான், ஆனால் உன் பொறுமை இல்லை. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து போனை மேசைமேல் வைத்துவிட்டு, செய்யவே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். மோட்டார் பாட்டை முழுக்கக் கேட்டேன், காதில் டிஷ்யூ இல்லாமல். முதல் சரணம் எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது சரணத்தில் தள்ளுகிற இருவரில் ஒருவன் களைத்து ரோட்டோரம் உட்கார்ந்துவிடுகிறான். வண்டி மற்றவனுடையது. அவன் தனியே தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மழையில் அவனுக்காகக் காத்து நிற்கிறான், ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்கவில்லை. இதை நீ என் முகத்துக்கு நேரே எத்தனை மாலை பாடினாய். நான் செம்பனை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது சரி. இந்தப் பாட்டு நிலைக்கத்தான் செய்யும். என் ஆள் ஏறிய உச்சிக்கு யாராலும் கூடப்போக முடியாது, போகவும் யாரையும் அவர் கேட்கவில்லை. உன் ஆட்கள் பாட்டிலேயே இன்னொருத்தருக்கு இடம் விட்டுப் பாடியிருக்கிறார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து உன் மகளின் செய்தி வந்தது. ஒரே வரி. "இந்த தடவ டிக்கெட் நான் பாத்துக்கிறேன் ஆன்டி."

அது மன்னிப்பா, குத்தலா என்று பலமுறை படித்துப் பார்த்தேன். இரண்டும் இருக்கும். நான் எதற்கும் தகுதியானவள்தான். சரிம்மா என்று மட்டும் பதில் போட்டேன்.

இப்போது அடுப்பில் சோறு வேகிறது, நான் இரண்டாவது சரணத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். மூன்றாவது வரியில் தடுக்குகிறது. இந்த வயதில் ஏறவில்லை. கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு பாடினால் கொஞ்சம் வருகிறது, உன் டிரம்மரின் அதிர்வு அங்கேதான் இன்னும் இருக்கிறது. அடுத்த மாதத்துக்குள் முழுதும் வந்துவிடும். அத்தனை பேர் நடுவில், உன் மகள் பக்கத்தில் எழுந்து நின்று, வாயைத் திறந்து பாடுவேன். நம் விதி உனக்கு ஞாபகமிருக்கும். முப்பது வருஷம் கழித்து, நீ பார்க்க முடியாத நேரமாகப் பார்த்து, தோற்க வருகிறேன்.

உன்,
தெம்பாகா